குடை பிடிக்க வளைத்த இரும்பு

பத்ரிநாராயணனைப் பார்த்து உலகத்தில் யாரும் பயந்தது கிடையாது. மயிலாப்பூரில், மாட வீதியை ஒட்டிய ஒரு சந்தில், ஆறு குடித்தனம் அடைந்து கிடந்த வீட்டின் பின்கட்டில் அவர் ஜாகை. மவுண்ட் ரோட்டில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா. ஒல்லி என்றால் சாதாரண ஒல்லி இல்லை. பஸ்ஸில் கூட்டம் நெருக்கினால் முதலில் தரையை விட்டு எழும்புகிற கால் அவருடையதாகத்தான் இருக்கும். ஃபேனுக்கு நேராக உட்காராதீர், பறந்துவிடுவீர் என்று ஆபீசில் கேலி செய்வார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு ஃபைலைப் புரட்டுவார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் பெருமாள் கோயிலில் குடை பிடித்தார். புறப்பாட்டின்போது பெருமாளுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெரிய வெண்பட்டுக் குடைகள் வரும். கம்பு ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. கீழே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மேலே குடை ஆடாமல், சாயாமல், பெருமாளின் திருமுடிக்கு நேராக வரும்படி நடக்க வேண்டும். சம்பளம் கிடையாது. புண்ணியம் உண்டு என்பார்கள். பத்ரி புண்ணியத்துக்காகப் பிடித்தாரா என்று எனக்குச் சந்தேகம்தான். வீட்டுச் சொந்தக்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை ஒருவர் கண்ணிலும் படாத மனிதர், அந்த ஒன்றரை மணி நேரம் நிமிர்ந்து நடந்தார். அது போதாதா?

1971 மாசி மகத்தன்று அது போயிற்று. மாசி மகத்துக்குப் பெருமாள் கடலாடப் போவது வழக்கம். சாந்தோம் பக்கம் மணலில் இறங்கியதும் கடல்காற்று பக்கவாட்டில் அடித்தது. மேலே குடை திரும்ப, கீழே கம்பு பத்ரியின் கைக்குள் சுழன்றது. அவர் பிடித்துத்தான் பார்த்தார். மணிக்கட்டு மடங்கிவிட்டது. குடை சாய்ந்து, அதன் விளிம்பு பெருமாளின் மாலையில் மாட்டி, மாலை மணலில் விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் அத்தனை ஜனமும் ஒரே குரலில் "ஐயோ" என்றது.

கோயில் மணியக்காரர் கெட்டவர் இல்லை. ஊர்வலம் திரும்பியதும் பத்ரியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பத்ரி, அடுத்த வருஷத்திலேருந்து நீர் விசிறி போடும். அதுவும் கைங்கர்யம்தான்."

விசிறி போடுவது கைங்கர்யம்தான், யார் இல்லை என்றது? ஆனால் மயிலாப்பூர்க்காரர்களுக்கு ஞாபகசக்தி அதிகம், அதுவும் அடுத்தவன் தடுக்கி விழுந்த விஷயத்தில். ஒரு வாரத்துக்குள் அவருக்குக் 'குடை சாய்ச்ச பத்ரி' என்று பெயர் விழுந்தது. காய்கறிக் கடையில் அப்படித்தான் அடையாளம் சொன்னார்கள். அடுத்த மாசி மகத்துக்குள் குடை மறுபடி தன் கைக்கு வர வேண்டும், அதே கடற்கரையில் சாயாமல் நிற்க வேண்டும். பத்ரிக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

சாயங்காலங்களில் அவர் கடற்கரைக்குப் போய், குடை விழுந்த இடத்தில் நின்று காற்றை முறைத்துப் பார்க்க ஆரம்பித்தார். அப்படிப் போன ஒரு நாள், பக்கத்துக் குப்பத்தில் அம்மன் திருவிழா. கூட்டத்தின் நடுவில் பலம் காட்டி ஓர் ஆள் துணி சுற்றிய இரும்பு போல்ட்டை மோவாய்க்குக் கீழே பிடித்து, இரண்டு முனையையும் கீழே தள்ளி வளைத்துக்கொண்டிருந்தான். பெயர் கங்காதரன், மீன்பிடிக்கிறவன். கூட்டம் அவன் மார்பையும் தோளையும் பார்த்துக் கைதட்டியது. பத்ரி மட்டும் மணிக்கட்டைப் பார்த்தார். கூட்டம் கலைந்ததும் கிட்டப் போனார்.

"இன்னா சாமி, அப்டி உத்து உத்துப் பாக்குறே?" என்றான் கங்காதரன்.

"உன் மணிக்கட்டு துளிகூடத் திரும்பலையே, அது எப்படிப்பா?"

பத்ரி மென்று விழுங்கித் தன் கதையைச் சொன்னார். கங்காதரன் சிரிக்கவில்லை. கடலில் துடுப்புப் பிடிக்கிறவனுக்குக் காற்றைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை.

"தண்டால் எட்த்தா தோளு வரும். மணிக்கட்டு வராது. கொடை மேல சுத்துது, கீழ உன் கையத் திருப்புது. திரும்ப மாட்டேன்னு நீ நிக்கணும். போல்ட்டும் அதே கதைதான் சாமி. கால் இஞ்சு கனம், ஆறு இஞ்சு நீளம், பாதிக்குத்தான் மரை இருக்கணும். முழுக்க மரை கீறத வாங்காத, மரையில வெடிச்சுக்கும். கறுப்பா கீற சாதா போல்ட்டா பாத்து வாங்கு. லாரில மாட்றதத் தொட்டுடாத, கண்ணு பூடும்."

கை கிழியாமல் இருக்கப் போல்ட்டின் இரண்டு முனையிலும் தோல்பட்டை சுற்றிக்கொள்ளச் சொன்னான். ஆசாரக்காரரான பத்ரி தோலைத் தொடுவாரா? பழைய வேஷ்டியைக் கிழித்துச் சுற்றிக்கொள்வதாக ஏற்பாடாயிற்று.

மயிலாப்பூரில் வாங்கினால் விஷயம் வெளியே தெரிந்துவிடும். அதனால் தி.நகருக்குப் போனார். ரங்கநாதன் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் அய்யாதுரையின் இரும்புக் கடை இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை வைத்தவர். கல்லாவில் உட்கார்ந்தபடியே கடையில் எந்த ஆணி எங்கே கிடக்கிறது என்று சொல்லுவார்.

"போல்ட் ரெண்டு கொடுங்கோ. கால் அங்குலம், ஆறு அங்குல நீளம், பாதி மரை. நட்டு வேண்டாம்."

"நட்டு வேண்டாமா? நட்டு இல்லாம போல்ட்டை வச்சு என்ன செய்யப் போறீய, ஐயரே?"

"நான் ஐயர் இல்லை, ஐயங்கார்."

"சரி சாமி. என்ன செய்யப் போறீய?"

"வளைக்கப் போறேன்."

"எதை வச்சு?"

"கையாலே."

அய்யாதுரை கண்ணாடியை மேலே தள்ளி, கடைக்கு வெளியே எட்டிப் பார்த்தார். "யாரு கையால?" என்று கேட்டார். கூட வேறு யாரோ வந்திருப்பதாக அவருக்கு நினைப்பு.

கடைசியில் நட்டோடு சேர்த்துத்தான் கொடுத்தார். நட்டு இல்லாமல் போல்ட்டு விற்றால் மிச்ச நட்டைத் தன் தலையில் கட்டிக்கொள்வதா என்று ஒரே பிடிவாதம். பத்ரியின் வீட்டில் அன்று முதல் நட்டுகள் சேர ஆரம்பித்தன. அவர் மனைவி நீரஜா அவற்றைத் தினசரித் தாள் பறக்காமல் இருக்க வைத்தாள், ஜன்னல் திரையின் ஓரத்தில் தைத்தாள், அப்படியும் தீராமல் ஊறுகாய் ஜாடி மூடிமேல் அடுக்கினாள்.

"இந்த இரும்புக் குப்பையை ஆத்துக்குள்ள கொண்டு வராதேங்கோன்னு எத்தனை தடவை சொல்றது?" என்பது அவளுடைய தினசரி சுப்ரபாதம்.

பத்ரி விடியற்காலையில் கிணற்றடியில் நின்று போல்ட்டோடு மல்லுக்கட்டினார். அந்த முக்கலையும் முனகலையும் கேட்டு, முன்கட்டு மாமி நீரஜாவிடம் ரகசியமாகக் கடுக்காய்ப் பொடி கொடுத்து அனுப்பினாள். போல்ட்டு அசையவில்லை. உள்ளங்கை கன்றிப் போயிற்று. ஆபீசில் பேனா பிடிக்க முடியவில்லை, வீட்டில் சாதம் பிசைய முடியவில்லை. நீரஜா முணுமுணுத்துக்கொண்டே பிசைந்து வைத்தாள், அவர் ஸ்பூனால் சாப்பிட்டார். வேறு யாராக இருந்தாலும் விசிறியே மேல் என்று போயிருப்பார்கள். இந்த மனிதர் விடவில்லை. அதனால்தான் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

ஒரு நாள் போல்ட்டு வளைந்தது. முழுசாக இல்லை, லேசாக ஒரு நெளிவு. பத்ரி அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். மறுநாள் அதே பெட்டியிலிருந்து வாங்கிய இன்னொன்றை எடுத்தார். அது இம்மி அசையவில்லை. அதற்கு அடுத்தது மடமடவென்று வளைந்தது. அதற்கடுத்தது மறுபடி கல்லாக நின்றது. மனிதர் ஆடிப்போனார். தன் கை தேறுகிறதா, தளர்கிறதா? ஒரு நாள் பீமன், மறுநாள் பழைய பத்ரி. எதை நம்புவது?

வளைந்ததையும் வளையாததையும் பையில் போட்டுக்கொண்டு அய்யாதுரையிடம் போனார். அய்யாதுரைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"எங்க கடைச் சரக்குல ஒண்ணுக்கொண்ணு வித்தியாசமா? ஒரே பெட்டி, ஒரே விலை. என்ன பேச்சு பேசுதீய சாமி!"

சொல்லிவிட்டுத் தானே ஒன்றை எடுத்து வளைக்கப் பார்த்தார். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, போல்ட்டு அப்படியே இருந்தது. அதற்குள் எதிர்க்கடைக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். மானப் பிரச்சினை ஆகிவிட்டது. போல்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பட்டறைப் பிடியில் இறுக்கி, முனையில் ஒரு குழாயைச் செருகி வளைத்துப் பார்த்தார். ஒன்று சொன்னபடி கேட்டது, அடுத்தது முரண்டு பிடித்தது. அய்யாதுரை அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"பழைய தண்டவாளம், ஒடைஞ்ச கப்பல், எது கெடைச்சாலும் ஆலைக்காரன் உருக்கிப் போல்ட்டாக்கிருதான். நானும் இத்தனை வருசமா ஒரே சரக்குன்னுல்ல வித்துக்கிட்டு இருக்கேன்!"

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் அதே வேலையாகப் போயிற்று. சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் விட்டதும் பத்ரி தி.நகரில் இறங்கிவிடுவார். கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, பெட்டியைக் கொட்டி, ஒவ்வொரு போல்ட்டிலும் அரத்தைத் தேய்த்துப் பார்ப்பார்கள். அரம் கடித்தால் மெத்து, வழுக்கினால் கடிசு. இரண்டு பேருக்கும் தெரியாத வித்தை, தப்புத் தப்பாகச் செய்துதான் கற்றுக்கொண்டார்கள். ஆர்வக் கோளாறில் ஒரு தடவை அய்யாதுரை லாரி போல்ட்டு ஒன்றைப் பட்டறைப் பிடியில் மாட்டி வளைக்க, அது பட்டென்று முறிந்து பறந்துபோய் சுவரிலிருந்த முருகன் படத்தின் கண்ணாடியை உடைத்தது. கங்காதரன் சொன்னது அப்போதுதான் பத்ரிக்கு உறைத்தது. அய்யாதுரை கன்னத்தில் போட்டுக்கொண்டு, லாரி போல்ட்டுகளைப் பரண்மேல் ஏற்றினார்.

பொறுக்கியதை மறுபடி கலந்துவிடாமல் இருக்க, குமாஸ்தா மூளை ஒரு வழி கண்டுபிடித்தது. கவருக்கு முத்திரை வைக்கிற அரக்கை உருக்கி, போல்ட்டுத் தலையில் பொட்டு வைத்தார். மெத்தான இரும்புக்கு ஒரு பொட்டு, நடுத்தரத்துக்கு இரண்டு, கடிசுக்கு மூன்று. இனிமேல் இரும்பு ஏமாற்ற முடியாது. ஒரு பொட்டு சீக்கிரமே கைவசமாயிற்று. ஆடி போய் ஆவணி வந்தபோது இரண்டு பொட்டும் வளைந்தது. மூன்று பொட்டுதான் நகரவே இல்லை. புரட்டாசி பிறந்தும் நகரவில்லை. எடுத்துத் துணி சுற்றும்போதே, இது வளையாது என்று முடிவு கட்டிவிடுவார். ஒரு தம் கட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுவார்.

ஆயுத பூஜை வந்தது. காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்த பத்ரி, கூடத்தில் கால் வைத்ததும் நின்றுவிட்டார். கோலம் போட்ட பலகையில் அரிவாள்மணை, கத்தரிக்கோல், தையல் மெஷினின் ஊசிப் பெட்டி, அவருடைய பேனா. அவற்றுக்கு நடுவில், இலை போட்டு, வரிசையாக அவருடைய போல்ட்டுகள். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தன. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். அரக்குப் பொட்டு ஒன்றுகூட இல்லை.

"என்ன காரியம் பண்ணினே நீ?" பத்ரியின் குரல் உயர்ந்தது. அவர் குரல் உயர்ந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"தலையில ஏதோ பிசுக்கு ஒட்டிண்டிருந்தது. கத்தியால சுரண்டித் தேய்ச்சேன். பூஜையில அழுக்கோட வைக்க முடியுமா?" என்றாள் நீரஜா. அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஏன்னா, உங்க ஆயுதம் இதுதானே?"

மாதக்கணக்காக உழைத்துப் பிரித்ததெல்லாம் ஒரே காலையில் கலந்து போயிற்று. வந்த கோபம் நியாயமான கோபம். ஆனால் இத்தனை நாளும் இரும்புக் குப்பை என்று கரித்துக் கொட்டியவள், இன்றைக்கு அதைப் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்துச் சந்தனம் இட்டிருக்கிறாள். அவர் பலகைக்கு எதிரே உட்கார்ந்து மணியை எடுத்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி, புதிதாக ஆரம்பிக்க நல்ல நாள். ஒன்றைக் கையில் எடுத்தார். ஒரு பொட்டா, மூன்றா, தெரியாது. வேஷ்டித் துணியைச் சுற்றி, மோவாய்க்குக் கீழே பிடித்துத் தள்ளினார். ஒன்றும் நடக்கவில்லை. மூன்று பொட்டு என்று தெரிந்திருந்தால் இந்த இடத்தில் விட்டிருப்பார். தெரியாததால் தள்ளிக்கொண்டே நின்றார். ஒன்றுமே நடக்காதது போன்ற அந்த நேரம் நீண்டுகொண்டே போயிற்று. பிறகு உள்ளுக்குள் ஏதோ இளகியது, போல்ட்டு வளைந்தது. அடுத்ததும் வளைந்தது. அதற்கடுத்ததற்கு இரண்டு தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது, ஆனால் அதுவும் வளைந்தது. ஒன்றே ஒன்று மட்டும் கடைசிவரை மசியவில்லை.

எல்லாவற்றையும் பையில் போட்டு தி.நகருக்குத் தூக்கிக்கொண்டு போனார். அய்யாதுரை வளைந்தவற்றை ஒவ்வொன்றாக அரத்தால் தேய்த்துப் பார்த்தார். பாதிக்குமேல் அரம் வழுக்கியது.

"சாமி, இதெல்லாம் மூணு பொட்டுச் சரக்குல்லா!" என்று எழுந்து நின்றுவிட்டார். "பொட்டைப் பாத்துப் பயந்துகிட்டுல்ல இருந்திருக்கீய இம்புட்டு நாளும்!"

வளையாத ஒன்று ஏதோ லாரியிலிருந்து வழி தவறி வந்தது என்று தீர்ப்புச் சொல்லி, அதையும் பரணுக்கு அனுப்பினார். அதற்கப்புறம் பத்ரி எந்தப் போல்ட்டுக்கும் பொட்டு வைக்கவில்லை. நீரஜா ஓர் அண்டாவில் கலந்து போட்டு, கைக்கு வந்ததை எடுத்து நீட்டுவாள்.

தை மாதம் பத்ரி அந்தப் பையோடு மணியக்காரரைப் பார்க்கப் போனார். மணியக்காரர் வளைந்த இரும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பத்ரியின் மணிக்கட்டையும் பார்த்தார். அது ஒல்லியாகத்தான் இருந்தது, ஆனால் முன்கையில் கயிறு கயிறாக ஏதோ ஓடியது.

"சரிங்காணும், இரும்பை வளைச்சுட்டீர். காத்தை என்ன பண்ணுவீர்? அதுக்குத் தலையும் கிடையாது, மரையும் கிடையாது."

பத்ரி இரும்பையெல்லாம் திரும்பப் பையில் போட ஆரம்பித்தார். மணியக்காரர் பையின் வாயைப் பிடித்து நிறுத்தினார்.

"வீதியில நீர் பிடியும். கடற்கரையில மணல்ல இறங்கினதும் சம்பத் வந்து வாங்கிப்பான். சம்மதமா?"

சம்பத் மணியக்காரரின் மருமகன், வாட்டசாட்டமான ஆள். பத்ரிக்கு வேண்டியதோ கடற்கரைதான். அதைத் தவிர மற்றதையெல்லாம் கொடுத்திருக்கிறார் மணியக்காரர். இருந்தாலும் தலையாட்டிவிட்டு வந்தார்.

1972 மாசி மகம். குடை வீதியெல்லாம் ஆடாமல் வந்தது. அய்யாதுரை கடையைச் சாத்திவிட்டு வந்து, நீரஜா நின்ற கும்பலுக்குப் பின்னால் எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மணலில் கால் வைத்ததும், காத்திருந்தது போலக் காற்று அடித்தது. சம்பத் வாங்கிக்கொள்ளக் கை நீட்டி ஓடி வந்தான். அந்த நேரம் பார்த்துக் குடை மேலே திரும்ப ஆரம்பித்தது. கூட்டத்தில் யாரோ இப்போதே "ஐயோ" என்றார்கள்.

பத்ரியின் கைக்குள் கம்பு முறுக்கியது. அவருக்கு அது பழக்கமான முறுக்கல். ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும், அப்போது விடக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டார். தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை. திரும்ப மாட்டேன் என்று நின்றார். குடை ஒரு பக்கம் சாய்ந்து, சாய்ந்த இடத்திலேயே நடுங்கியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து பெருமாளின் திருமுடிக்கு நேராக வந்தது.

சம்பத் கம்பைத் தொடப் போனான். மணியக்காரர் அவன் தோளில் கை வைத்தார்.

"விடுடா. அவரே பிடிக்கட்டும்."

தீர்த்தவாரி முடிகிற வரைக்கும் காற்று ஓயவில்லை. குடையும் சாயவில்லை. திரும்பி வரும்போது பத்ரிக்கு வழி தெரிந்ததா என்பதுகூடச் சந்தேகம். பெருமாள் கோயிலுக்குள் எழுந்தருளினார். குடையைச் சுருட்டி உள்ளே வைக்க ஆள் வந்தது. கம்பை இழுத்தார்கள், வரவில்லை.

"பத்ரி, போதும், விடும்" என்றார் மணியக்காரர்.

"விட வரலை" என்றார் பத்ரி.

விரல்கள் கம்பைச் சுற்றி இறுகிப் போயிருந்தன. அவருக்கே அவை கட்டுப்படவில்லை. மணியக்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெருவே சுற்றி நின்று பார்த்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நீரஜா வந்தாள். கோயில் வாசலில், அத்தனை ஆண்களுக்கும் நடுவில், புருஷனுடைய கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்தாள். சுண்டுவிரலை மெதுவாக நிமிர்த்தினாள்.

"எல்லாரும் பார்க்கறா, நீரஜா" என்றார் பத்ரி, தாழ்ந்த குரலில்.

"பார்க்கட்டும்" என்றாள் அவள். அடுத்த விரலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.